ஜாயின்ட் மேல் ஜாயின்ட் வரக்கூடாது

போன ஐப்பசியில் ஊருக்குப் போயிருந்தபோது வேலியோரத்து வேலமரத்தடியில் ஒரு பொன்வண்டு செத்துக் கிடந்தது. சின்ன வயதில் உயிரோடு பிடித்துத் தீப்பெட்டிக்குள் அடைத்து, முட்டை போட்டிருக்கிறதா என்று காலையும் மாலையும் திறந்து பார்த்த கூட்டத்தைச் சேர்ந்தவன் நான். நாற்பது தாண்டிய வயதில் மறுபடியும் ஒரு தீப்பெட்டி தேடினேன். பெரியம்மா அடுப்படியிலிருந்து எடுத்துக் கொடுத்தார். "இன்னும் இந்தப் புத்தி போகலையா உனக்கு?" என்று மட்டும் கேட்டார்.

சென்னைக்குக் கொண்டுபோய்ப் படம் எடுக்க வேண்டும் என்பது திட்டம். சின்னப் பொருளை நெருங்கிப் படம் எடுக்கிற மேக்ரோ லென்ஸ் வாங்கி ஒரு வருஷம் ஆகியும் பூவையும் வெங்காயத்தோலையும் தவிர வேறெதையும் உருப்படியாக எடுக்கவில்லை என்ற குற்ற உணர்ச்சி வேறு.

இந்த வகைப் படத்தில் ஒரு தொல்லை உண்டு. பூச்சியின் நிஜ அளவிலேயே அதன் பிம்பம் சென்சாரில் விழுகிற நெருக்கத்துக்குப் போய்விட்டால், தெளிவாகத் தெரிவது ஒரு மெல்லிய சீவல் மட்டும்தான். என் கேமராவில், லென்ஸின் துளை அளவை எஃப் 5.6 என்று வைத்தால், அந்தச் சீவலின் கனம் அரை மில்லிமீட்டர்கூடத் தேறாது. பொன்வண்டோ முதுகு மேட்டிலிருந்து கால் நுனி வரை 15 மில்லிமீட்டர் இருந்தது. முதுகு தெளிந்தால் கால் புகை. கால் தெளிந்தால் முதுகு புகை. லென்ஸின் துளையைச் சுருக்கி எஃப் 22-க்குப் போகலாமே என்றால், அவ்வளவு சின்னத் துளையில் ஒளி விளிம்பில் வளைந்து பரவி, படம் முழுவதுமே மழுங்கிப்போகும். ஆகவே கேமராவை இம்மி இம்மியாக முன்னே நகர்த்திப் பல படங்கள் எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் தெளிந்திருக்கும் பகுதியை மட்டும் பொறுக்கிச் சேர்க்கச் சொல்லிக் கம்ப்யூட்டரிடம் கொடுத்துவிட வேண்டும். ஃபோகஸ் ஸ்டாக்கிங் என்கிறார்கள். இதற்கென்றே ஹெலிகான் ஃபோகஸ், ஜெரீன் ஸ்டாக்கர் போன்ற மென்பொருள்கள் இருக்கின்றன, ஃபோட்டோஷாப்பிலும் செய்யலாம்.

நான் கணக்குப் போட்டேன். 15 மில்லிமீட்டர், சீவலுக்கு அரை மில்லிமீட்டர், ஆக 30 படங்கள். இரவு பதினொரு மணிக்கு மேல், மின்விசிறியை நிறுத்திவிட்டு, வியர்வை மூக்கு நுனியிலிருந்து சொட்டாமல் துண்டால் ஒற்றிக்கொண்டு எடுத்தேன். மூன்றாவது மாடி என்பதால் தெருவில் லாரி போனால் மேசை நடுங்கும். கீழ்வீட்டில் மிக்சி ஓடினாலும் நடுங்கும். எல்லாம் அடங்கும்வரை காத்திருந்து காத்திருந்து முடிக்க ஒன்றரை மணி நேரம் ஆனது.

சேர்த்துப் பார்த்தால் பொன்வண்டு அணில் மாதிரி இருந்தது. முதுகில் வரிவரியாக, ஒரு பட்டை கூர்மை, ஒரு பட்டை புகை.

தப்பு எங்கே என்று புரியக் கொஞ்ச நேரம் ஆனது. ஒரு சீவலின் நடுப்பகுதிதான் முழுத் தெளிவு. ஓரத்துக்குப் போகப்போக அது மெல்ல மங்கும். இரண்டு சீவல்களை விளிம்போடு விளிம்பு வைத்தால் மங்கலும் மங்கலும்தான் சந்திக்கும். ஒன்றின் மேல் ஒன்று ஏறியிருக்க வேண்டும். நான் 30 படங்களைப் பற்றி யோசித்தேனே தவிர, அவற்றுக்கு நடுவே இருந்த 29 இடங்களைப் பற்றி யோசிக்கவே இல்லை. பெரியப்பாவாக இருந்தால் அங்கேதான் முதலில் கை வைத்துப் பார்த்திருப்பார்.

பெரியப்பா வைக்கோல் போர் போடுபவர்.

எங்கள் ஊர் மன்னார்குடிப் பக்கம். மதுரைக்குத் தெற்கே படப்பு என்பார்கள், எங்களுக்குப் போர். தை அறுவடை முடிந்து, தலையடி நெல்லைத் தூற்றி அளந்து உள்ளே கொண்டுபோன பிறகு, தாளைக் களத்தில் பரப்பிப் பிணையல் மாடுகளை விட்டு மிதிக்க வைத்து மிச்சம் மீதி மணியையும் உதிர்ப்பார்கள். அதன்பின் எஞ்சுவது வைக்கோல். அடுத்த தை வரை மாடுகளுக்குச் சோறு அதுதான். ஒரு வருஷம் முழுக்க, அதிலும் ஐப்பசி கார்த்திகை அடைமழையில், மேலே கூரை எதுவும் இல்லாமல் அது வெட்டவெளியில் நிற்க வேண்டும். தானே தனக்குக் கூரையாக இருந்துகொள்ள வேண்டும்.

போர் போடும் நாளில் பெரியப்பா முதலில் வைக்கோலைத் தொடவே மாட்டார். தரையைத்தான் பார்ப்பார். பனங்கட்டைகளைக் கிடத்தி, மேலே கிளைகளைப் பரப்பி, மண்ணுக்கும் வைக்கோலுக்கும் நடுவே ஒரு முழம் காற்றோட்டம் விட்ட பிறகே முதல் கட்டு விழும். அப்புறம் அவர் ஒருவர்தான் மேலே ஏறுவார். மற்றவர்கள் கீழே நின்று கவைக்கோலால் வாரி வாரி வீசுவார்கள். ஏறியவர் சாயங்காலம் வேலை முடிந்துதான் இறங்குவார். காப்பியும் சோறும் தூக்குவாளியில் கயிறு கட்டி மேலே போகும். எங்களுக்கு, சின்னப் பிள்ளைகளுக்கு, அந்தக் கயிற்றை இழுக்கக் கொடுப்பதுதான் அன்றைய பெரிய பதவி.

மேலே அவர் செய்வது ஒரு வகையான சுற்றுநடை. ஓரத்தில் போட்டு மிதித்துக்கொண்டே ஒரு சுற்று வருவார். பிறகு நடுவில் போட்டு மிதிப்பார். நடு எப்போதும் ஓரத்தைவிட ஒரு அடி உயர்ந்தே இருக்க வேண்டும். அப்போதுதான் உள்ளே இருக்கும் ஒவ்வொரு தாளும் வெளிப்பக்கம் பார்த்துச் சரிந்து கிடக்கும், கீற்று வேய்ந்த கூரை மாதிரி. மழைத்தண்ணீர் முதல் நாலு விரற்கடையை நனைத்துவிட்டு வழிந்து வெளியே போய்விடும். "நடுவுல பள்ளம் விழுந்தா போரு செத்துச்சு" என்பார். வெளியே எவ்வளவு அழகாக இருந்தாலும் அந்தப் பள்ளத்தில் தேங்கிய தண்ணீர் நேராக உள்ளே இறங்கி நடுவயிற்றில் உட்கார்ந்துகொள்ளும்.

சரி, மழை வெளியிலிருந்து வருவது. உள்ளிருந்தே வரும் ஆபத்து ஒன்றும் உண்டு. வைக்கோல் சரியாகக் காயாமல் போர் ஏறிவிட்டால், நுண்ணுயிர்கள் அந்த ஈரத்தில் பெருகி மூச்சுவிடத் தொடங்கும். அதனால் சூடு உண்டாகும். இறுக்கமாக மிதித்த போரில் அந்தச் சூட்டுக்குப் போக வழி கிடையாது. 60, 70 டிகிரி செல்சியஸ் வரை நுண்ணுயிர்களே ஏற்றிவிடும். அதற்கு மேல் அவை செத்துவிட்டாலும் வேதிவினை தொடர்ந்து சூட்டை ஏற்றும். மேலை நாடுகளில் புல்போர்கள் தானாகத் தீப்பற்றுவது இப்படித்தான். எங்கள் பக்கம் தீப்பிடித்து நான் பார்த்ததில்லை. வெந்துபோய்ப் பழுப்பேறிப் பூசணம் பிடித்துவிடும், அவ்வளவுதான். மாடு முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அதைவிடக் கேவலமான தீர்ப்பு ஒரு விவசாயிக்குக் கிடையாது.

ஆகவே போர் போட்ட மூன்றாம் நாள் பெரியப்பா பக்கவாட்டில் முழங்கை வரை கையை உள்ளே விட்டுப் பார்ப்பார். வெதுவெதுப்பாக இருந்தால் பரவாயில்லை. ஒரு வருஷம் கையை வெடுக்கென்று எடுத்துவிட்டார். மறுநாள் ஆறு ஆள் கூப்பிட்டு மொத்தப் போரையும் பிரித்து, களம் முழுக்கப் பரப்பிக் காயவைத்து, மறுபடி போட்டார்கள். பெரியம்மா அந்த ஒரு வாரம் அவரோடு பேசவில்லை. ஆள்கூலி இரட்டிப்பானது மட்டும் காரணமில்லை. "இன்னும் ரெண்டு நாள் காயட்டும்னு நான் சொன்னேன்ல" என்பதும்தான்.

மேலே முகடு கட்டி, வைக்கோலையே முறுக்கிப் புரி திரித்து, குறுக்கே போட்டு இரண்டு முனையிலும் கல்லைத் தொங்கவிட்டால் காற்றுக்குப் பறக்காது. கடைசியில் பக்கங்களைக் கையால் சீவிவிடுவார், பெண்பிள்ளைக்குத் தலைவாருவது போல. துருத்திக்கொண்டிருக்கும் தாள்களெல்லாம் கீழ்நோக்கி இறங்கிக்கொள்ளும்.

பிடுங்குவதற்கும் சட்டம் உண்டு. வாடைமழை வடகிழக்கிலிருந்து சாய்ந்தடிக்கும் என்பதால் தென்மேற்கு மூலையில்தான் பிடுங்க வேண்டும், அதுவும் கீழிருந்து. மார்கழிக்குள் அந்த மூலையில் ஒரு குகை உருவாகிவிடும், மேலே மட்டும் தொப்பி மாதிரி மூடியிருக்கும். நாங்கள் ஒளிந்து விளையாடிய இடம். ஒருமுறை அவசரத்துக்கு வடக்குப் பக்கம் இரண்டு கைப்பிடி உருவிப் போட்டுவிட்டு நான் வாங்கிய அடி இன்னும் நினைவிருக்கிறது.

தமிழில் குவியல் வேறு, அடுக்கு வேறு. தூற்றிய நெல் அம்பாரமாகக் குவிந்து கிடக்கும்; அதை அப்படி வைக்க யாருக்கும் தெரியும், புவியீர்ப்பே பாதி வேலையைச் செய்துவிடும். போரும் தூரத்துப் பார்வைக்குக் குவியல் மாதிரிதான் தெரியும். ஆனால் அது அடுக்கு. இரண்டையும் பிரிப்பது ஒழுங்கு என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. குவிக்கிறவனுக்குப் பொருள் மட்டும் இருந்தால் போதும். அடுக்குகிறவன் இரண்டு பொருளுக்கு நடுவே இருப்பதற்கும் பொறுப்பேற்றுக்கொள்கிறான். எங்கே காற்று போக வேண்டும், எங்கே தண்ணீர் போகக்கூடாது, எங்கே ஒன்று இன்னொன்றின் மேல் ஏற வேண்டும் என்பதெல்லாம் அவன் தலைவலி.

(கொலுவைப் பற்றி ஏன் எழுதவில்லை என்று கேட்பீர்கள். கொலு அடுக்கு என்பதைவிடப் படிக்கட்டுதான். அங்கே எந்தப் பொம்மையும் இன்னொரு பொம்மையின் எடையைத் தாங்குவதில்லை.)

நெல் மூட்டையிலும் இதே கதைதான். கொள்முதல் நிலையங்களில் 40 கிலோ சிப்பங்களை அட்டி போடும் சுமைதூக்கும் தொழிலாளர்களைப் பாருங்கள். ஒரு வரிசை நெடுக்கு என்றால் அடுத்த வரிசை குறுக்கு. தைத்த வாய் உள்பக்கம் பார்த்திருக்கும். தையல் விட்டாலும் நெல் அட்டிக்குள்தான் சிந்தும். அடியில் கட்டைகள் போட்டிருப்பார்கள். நெல்லில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் வாங்க மாட்டார்கள் என்பதற்கும் பெரியப்பா முழங்கையை விட்டுப் பார்த்ததற்கும் காரணம் ஒன்றே. ஒரு வருஷம் நாங்கள் கொண்டுபோன நெல்லை ஒரு நிலையத்தில் கட்டை போடாமல் வெறும் மண்ணில் அட்டி போட்டு, மூன்று நாள் மழைக்குப் பிறகு அடிவரிசை பச்சைப்பசேலென்று முளைத்திருந்ததைக் கண்ணால் பார்த்தேன். பத்தடி தள்ளிக் கட்டைகள் சும்மா கிடந்தன. அதைப் பற்றிப் பேசினால் இந்தக் கட்டுரை வேறு பக்கம் போய்விடும்.

செங்கல் இரண்டு முறை அடுக்கப்படுகிறது. அந்த இரண்டுக்கும் விதி நேர்மாறு. இது எங்கள் வீடு கட்டியபோதுதான் எனக்குத் தெரிந்தது.

முதல் அடுக்கு சூளையில். பச்சைக்கல்லைக் குத்தாக நிறுத்தி, கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே விரல் நுழைகிற சந்து விட்டு அடுக்குவார்கள். அடியில் விறகு போட நீளவாக்கில் வாய்கள். அடுத்தடுத்த வரிசைகள் திசை மாறி மாறி ஏறும். வெளிப்பக்கம் முழுக்க மண்ணைக் குழைத்துப் பூசி மூடிவிடுவார்கள், சூடு வெளியே போகாமல். ஆக, வெளியே ஒரு சந்துகூட இருக்கக்கூடாது, உள்ளே சந்து இல்லாத இடமே இருக்கக்கூடாது. நெருப்பு நடந்து போக வேண்டிய வழி அது. சந்தை நெருக்கிவிட்டால் அந்த மூலையில் கல் வேகாமல் மஞ்சளாக நிற்கும். அகலமாக விட்டால் நெருப்பு அங்கேயே ஓடி, கல் உருகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். நாள்கணக்கில் எரிந்து, நாள்கணக்கில் ஆறிய பிறகு பிரித்து, இரண்டு கல்லை எடுத்துத் தட்டிப் பார்ப்பார்கள். டிங் என்றால் வெந்தது. டொக் என்றால் வேகவில்லை. சூளை அடுக்கியவரின் ஒரு மாத வேலைக்கு மார்க் அந்த ஒரு சத்தத்தில் போடப்படும்.

இரண்டாவது அடுக்கு சுவரில். இங்கே சந்துக்குக் கலவை வைத்து அடைத்தாக வேண்டும். எங்கள் கொத்தனார் அதிகம் பேசாதவர். ஒரு நாள் நானும் கரண்டி பிடித்துப் பார்க்கிறேன் என்று நாலு வரிசை வைத்தேன். தூக்குக்குண்டு விட்டுப் பார்த்து, நேராகத்தான் இருக்கிறது என்று பெருமையாக நின்றேன். அவர் வந்து பார்த்தார். காலால் லேசாக ஒரு தள்ளு. நாலு வரிசையும் நெடுக்காகப் பிளந்து இரண்டு தூணாக விழுந்தன. "ஜாயின்ட் மேல ஜாயின்ட் வரக்கூடாது தம்பி" என்று சொல்லிவிட்டு வெற்றிலை போடப் போய்விட்டார்.

ஒரு கல்லின் நடு, கீழே இருக்கும் இரண்டு கல்லின் இணைப்பின் மேல் உட்கார வேண்டும். அப்போதுதான் மேலே வரும் எடை இரண்டாகப் பிரியும், அடுத்த வரிசையில் மறுபடி பிரியும், இப்படிப் பரவிக்கொண்டே இறங்கும். விரிசல் ஒன்று தொடங்கினாலும் நேரே ஓட வழி இருக்காது. ஒவ்வொரு வரிசையிலும் ஒரு முழுக்கல் குறுக்கே படுத்திருக்கும். நம் ஊர்ச் செங்கல் 9 அங்குல நீளம், 4½ அங்குல அகலம் என்று இருப்பதன் சூட்சுமமும் இதுதான். அகலம் நீளத்தில் பாதி. நெடுக்காக வைத்தாலும் குறுக்காக வைத்தாலும் பாதி தள்ளிப் பாதி என்று கணக்கு இடித்துக்கொள்ளாமல் வரும்.

அதற்குப் பிறகு இதைப் பார்க்காத இடமே இல்லை என்று ஆகிவிட்டது. முதல் இடம் இட்லிப் பானை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் அறை நண்பர்களுக்குச் சமைத்துப்போட்டு அசத்தலாம் என்று நாலு தட்டு ஸ்டாண்டில் இட்லி ஊற்றினேன். குழிக்கு நேர் மேலே குழி வருகிற மாதிரி அழகாக அடுக்கினேன். வெந்ததும் எடுத்தால் மேல்தட்டில் மட்டும் இட்லி இருந்தது. மற்ற மூன்றிலும் இருந்ததை என்னவென்று சொல்வது, தடித்த தோசை எனலாம். மாவு பொங்கும்போது மேல்தட்டின் குழியில் தலை இடித்துக்கொண்டது. அம்மாவுக்கு போன் போட்டால் சிரித்துவிட்டு, "ஒரு தட்டக் கொஞ்சம் திருப்பி வைடா, கீழ்க்குழிக்கு மேல சந்து வரட்டும்" என்றார். அதுவும் கொத்தனார் சொன்னதேதான், ஒரே வித்தியாசம், இங்கே ஆவிக்கும் வழி கேட்கிறது.

சந்தே இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு எவர்சில்வர் டம்ளர் சாட்சி. விருந்து முடிந்து கழுவிய ஈரத்தோடு ஒன்றுக்குள் ஒன்றாகச் சொருகி வைத்துவிட்டால் மறுநாள் இரண்டு பேர் இழுத்தாலும் வராது. உள் டம்ளரில் பச்சைத்தண்ணீரை ஊற்றி, வெளி டம்ளரை வெந்நீரில் நிறுத்தினால் ஒன்று சுருங்கி மற்றது விரிந்து, 'பொத்' என்று கழன்றுகொள்ளும். தலைமுடி அளவு இடைவெளியை உண்டாக்க இவ்வளவு பாடு.

நான் கொத்தனாரை நினைத்துச் சத்தமாகச் சிரித்த இடம் ஜவ்வாது மலை. மாசி மாதம், அமாவாசையை ஒட்டிய இரவு. காவலூரில் வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறதே, 1986 முதல் 2.34 மீட்டர் தொலைநோக்கி இயங்கும் இடம், அந்தப் பக்கம் வானம் இன்னும் ஓரளவு இருட்டாக இருக்கிறது. வானம் நகர்கிற வேகத்துக்குக் கேமராவைத் திருப்பிக்கொண்டே இருக்கும் டிராக்கர் என்ற கருவி நண்பர் ஒருவரிடம் இருந்தது; அதில் கேமராவை மாட்டி ஓரியன் நெபுலா என்கிற வாயு மேகத்தை எடுத்தோம். ஒரு படத்தில் பார்த்தால் மங்கலான புகையும், அதைவிட அதிகமாகச் சொரசொரப்பான இரைச்சலும்தான் தெரியும். ஆனால் நெபுலா ஒவ்வொரு படத்திலும் அதே இடத்தில் இருக்கும். இரைச்சல் ஒவ்வொரு படத்திலும் வேறு வேறு இடத்தில் இருக்கும். ஆகவே 64 படங்களை ஒன்றன்மேல் ஒன்று அடுக்கிச் சராசரி எடுத்தால், இரைச்சல் 64-இன் வர்க்கமூலமான 8-இல் ஒரு பங்காகக் குறைந்துவிடும். 100 படம் எடுத்தால் பத்தில் ஒரு பங்கு. உழைப்புக்கேற்ற கூலி இல்லைதான், என்ன செய்வது. உங்கள் கைபேசியில் இரவுப் படம் எடுக்கும்போது 'அசையாமல் பிடியுங்கள்' என்று சொல்லிவிட்டுச் சில நொடிகள் அது செய்வதும் இந்த வேலையைத்தான்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. சென்சாரிலேயே சில புள்ளிகள் பழுதாக இருக்கும். அவை ஒவ்வொரு படத்திலும் அதே இடத்தில் ஒளிரும். எத்தனை அடுக்கினாலும் போகாது, உடும்புப்பிடியாக நிற்கும். அதற்கு நண்பர் ஒரு காரியம் செய்தார். ஒவ்வொரு படத்துக்கும் நடுவே கேமராவின் பார்வையை வேண்டுமென்றே நாலைந்து புள்ளிகள் தள்ளித் தள்ளி வைத்தார். பிறகு நட்சத்திரங்களை ஒன்றோடொன்று பொருத்தி அடுக்கினால் பழுதுப் புள்ளிகள் ஒவ்வொரு படத்திலும் இடம் மாறி விழும். மென்பொருள் அவற்றை எளிதாகத் தூக்கி எறிந்துவிடும். டிதரிங் என்று பெயர் சொன்னார். "எதுக்குத் தெரியுமா?" என்று ஆரம்பித்தார். "தெரியும், ஜாயின்ட் மேல ஜாயின்ட் வரக்கூடாது" என்றேன். மலைக்குளிரில் அவருக்கு நான் ஏதோ உளறுவதாகத்தான் பட்டிருக்கும்.

1995 டிசம்பரில் ஹபிள் தொலைநோக்கி பத்து நாள் ஒரே இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. சப்தரிஷி மண்டலத்தில், ஏறக்குறைய ஒன்றுமே இல்லாதது போல் தெரிந்த ஒரு துண்டு வானம்; 100 மீட்டர் தள்ளி வைத்த டென்னிஸ் பந்து நம் கண்ணுக்கு எவ்வளவு பெரிதாகத் தெரியுமோ அவ்வளவு. 342 படங்கள் எடுத்து, அதே மாதிரி தள்ளித் தள்ளி அடுக்கினார்கள். அந்தப் பந்தளவு இருட்டுக்குள் ஏறத்தாழ 3,000 விண்மீன் மண்டலங்கள் தெரிந்தன.

அடுக்கு என்றாலே யாரோ அடுக்கியிருக்க வேண்டும் என்று நினைக்கிறோம். செஞ்சிக்குப் போனால் அந்த நினைப்பு ஆட்டம் காணும். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்ற மூன்று மலைகளுக்கு நடுவே நின்று சுற்றிப் பார்த்தால், பிரம்மாண்டமான குழந்தை ஒன்று பாறைகளை வைத்து விளையாடிவிட்டுப் பாதியில் எழுந்து போனது போலிருக்கும். வீட்டளவு உருண்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாக, விழுவேன் விழுவேன் என்று நிற்கும். கோட்டைச் சுவரைக் கட்டியவர்கள்கூட பல இடங்களில் அந்தப் பாறைகளையே சுவராக விட்டுவிட்டு நடுவிலிருந்த சந்துகளை மட்டும் அடைத்திருக்கிறார்கள்.

அந்தப் பாறைகளை யாரும் மேலே ஏற்றவில்லை. அவை எங்கிருந்தும் வரவும் இல்லை. 200 கோடி ஆண்டுகளுக்கும் மேல் பழைய அந்தப் பாறை முழுசாக மண்ணுக்கடியில் இருந்தபோதே அதில் நெடுக்கும் குறுக்குமாக விரிசல்கள் விழுந்தன. விரிசலில் தண்ணீர் இறங்கியது. தண்ணீர் பட்ட பாறை மெல்ல மெல்ல அழுகி, சரளை மண்ணாக உதிர்ந்தது. ஒரு கட்டியின் மூலையை மூன்று பக்கத்திலிருந்தும் தண்ணீர் தாக்கும், விளிம்பை இரண்டு பக்கத்திலிருந்து, முகத்தை ஒரே பக்கத்திலிருந்து. ஆகவே மூலை முதலில் போகும், பிறகு விளிம்பு. சதுரக்கட்டி உருண்டையாகிவிடும். பிற்பாடு மேல்மண்ணெல்லாம் மழையில் அரித்துப் போனபோது, நடுவிலிருந்த சரளையும் போய், உருண்டைகள் இருந்த இடத்திலேயே ஒன்றின்மேல் ஒன்றாக உட்கார்ந்துகொண்டன. விரிசல்தான் முதலில் வந்தது. பாறைகளைத் தனித்தனியாக்கியதே அதுதான். மாமல்லபுரத்தில் சரிவில் நிற்கிற வெண்ணெய் உருண்டையும் இந்தச் சாதிதான்.

அங்கே படியேறும் வழியில் சுற்றுலா வந்தவர்கள் சிறுகற்களை ஏழெட்டாக அடுக்கிவிட்டுப் போயிருந்தார்கள். மலைக்கோயில்களில் சொந்த வீடு அமைய வேண்டும் என்று வேண்டிக்கொண்டு அடுக்குவதைப் பார்த்திருக்கிறேன். அதில் எனக்குச் சண்டை இல்லை, வாடகை வீட்டில் இருந்தவனுக்கு அந்த வேண்டுதலின் கனம் தெரியும். படம் எடுத்துப் போட மட்டும் ஓடைக்கற்களைப் புரட்டி அடுக்குகிறவர்கள்மேல்தான் கோபம். கல்லுக்கடியில் ஈரத்தில் குடியிருக்கும் தவளைக்கும் நண்டுக்கும் அது கூரையைப் பிய்த்ததற்குச் சமம்.

மலை அடுக்குகளைப் பற்றி ஒரு வார்த்தை. கோத்தகிரிப் பக்கம் விடியற்காலையில் நின்றால் நீலத்துக்குப் பின்னால் வெளிர்நீலம், அதற்குப் பின்னால் சாம்பல் என்று ஏழெட்டு வரிசை தெரியும். நீளமான லென்ஸ் போட்டு எடுத்தால் காகிதத்தை வெட்டி ஒட்டியது மாதிரி வரும். ஒரு முறை நல்ல மழை பெய்து ஓய்ந்த மறுநாள் போனேன். காற்று கண்ணாடி மாதிரி இருந்தது. ஆஹா என்று எடுத்தால், எல்லா மலையும் ஒரே பச்சையாக ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, எது முன்னால் எது பின்னால் என்றே தெரியாமல் வந்தது. வரிசைகளைப் பிரித்துக் காட்டியது நடுவிலிருந்த காற்றும் பனிமூட்டமும். இரண்டு மலைக்கு நடுவே எவ்வளவு காற்று இருக்கிறதோ அவ்வளவு ஒளி அதில் சிதறிக் கண்ணுக்கு வரும். தூரத்து மலை அதனால் வெளிறும். அன்றைக்கு அந்த மூட்டத்தை மழை கழுவிவிட்டிருந்தது.

பொன்வண்டுக்குத் திரும்புகிறேன். கால் மில்லிமீட்டருக்கு ஒன்றாக 60 படங்கள் எடுத்தேன், இந்த முறை இரண்டரை மணி நேரம். சேர்த்ததும் திரையில் வந்ததைப் பார்த்து அப்படியே உட்கார்ந்துவிட்டேன். முதுகில் அம்மைத்தழும்பு மாதிரி குழிகள், ஒவ்வொரு குழியின் சரிவிலும் பச்சை செம்பாகி, செம்பு பொன்னாகி மாறியது. செத்து இரண்டு மாதம் ஆகியும் நிறம் போகவில்லையே என்று தேடிப் படித்தபோது தெரிந்தது, அங்கே நிறமே இல்லை என்று. அதாவது பச்சைச் சாயம் எதுவும் கிடையாது. முதுகோட்டின் மேற்பரப்பில் மெல்லிய படலங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கின்றன, ஒவ்வொன்றும் ஏறத்தாழ 100 நானோமீட்டர் அளவில். ஒவ்வொரு படலத்திலும் பட்டுத் திரும்பும் ஒளி ஒன்றோடொன்று சேரும்போது பச்சை மட்டும் வலுத்து மற்றவை அடங்குகின்றன. சாய்த்துப் பார்த்தால் படலங்களுக்கு நடுவே ஒளி கடக்கும் தூரம் மாறுகிறது, நிறமும் மாறுகிறது. சாயம் என்றால் வெயிலில் வெளுக்கும். அடுக்கு கலையாதவரை இது வெளுக்காது. 19-ஆம் நூற்றாண்டில் மெட்ராஸிலிருந்து கப்பலேறிய மஸ்லின் துணிகளில் இந்தச் சிறகோடுகளைச் சின்னச் சின்னதாக நறுக்கித் தைத்திருக்கிறார்கள். ஜரிகை கறுத்த பிறகும் அருங்காட்சியகங்களில் அவை பச்சையாகவே மின்னுகின்றன. நான் 60 படங்களை அடுக்கி எடுத்ததே ஓர் அடுக்கைத்தான்.

பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது படத்தைப் பெரிதாக அச்சுப்போட்டு எடுத்துப் போனேன். போர் நின்ற இடத்தில் இப்போது தகரக்கொட்டகை. அறுவடை இயந்திரம் வந்த பிறகு வைக்கோலை பேலர் உருளை உருளையாகச் சுருட்டிக் கட்டிப்போட்டுவிடுகிறது. மாடும் இரண்டுதான். அண்ணன் மகன் உருளைகளை இரண்டுக்கு நடுவே ஒன்றாக ஏற்றி அடுக்கிக்கொண்டிருந்தான். பெரியப்பா கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். 84 வயது, போன வருஷம்தான் கண் ஆபரேஷன் ஆனது. அவனிடம் சொல்ல ஒன்றும் இல்லாததில் கொஞ்சம் குறைதான் அவருக்கு.

படத்தைக் கொடுத்தேன். கையை நீட்டித் தள்ளி வைத்துப் பார்த்தார். பிறகு கிட்டே கொண்டுவந்தார். எந்த மரத்தடி என்று கேட்டார், சொன்னேன். விரலால் முதுகைத் தடவி வந்து தலைப்பக்கம் நின்றார்.

"மீசை ஏன்டா இந்தப் பக்கம் ரெண்டா இருக்கு?"

வாங்கிப் பார்த்தேன். இடது உணர்கொம்பின் நுனிக்குப் பக்கத்தில், அதே மாதிரி இன்னொரு நுனி, நிழல் போல. மூன்று வாரம் அந்தப் படத்தைப் பார்த்துப் பார்த்துப் பூரித்தவன் நான். பத்து நண்பர்களுக்கு அனுப்பியிருந்தேன்.

சென்னை திரும்பியதும் முதல் வேலையாக 60 படங்களையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். 37-க்கும் 38-க்கும் நடுவே கீழ்வீட்டில் யாரோ மிக்சி போட்டிருக்கிறார்கள்.